யாக்குபு மாஸ்டரின் இடத்தில் நின்றவன்

எழுத்துப் பழக்கம் இல்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். ஆனாலும் சொல்லவேண்டிய இடத்தில் ஒருமுறை சொன்னேன். அது ஒருவருக்கும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜேர்மனியில், ஹம்பேர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை எனக்கு. அங்கே மேல்மாடி நடைவழியின் விளக்குகளுக்குச் சுவிச் கிடையாது. ஆள் நடந்தால் எரியும். அசையாமல் நின்றால் அணைந்துவிடும். மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. பிள்ளைகள் போனபின் வாளியோடு நடக்கும்போது, எனக்கு முன்னால் வெளிச்சம் ஒவ்வொன்றாக வரும். ஒரு துப்புரவுக்காரனுக்கு இவ்வளவு வெளிச்சம் தேவையா என்று கேட்க ஆளில்லை.

அந்த நடைவழியின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் ஆங்கிலக் கடிதம் ஒன்று குத்தியிருந்தது. கானாவின் வடக்கே ஒரு கிராமப் பள்ளியோடு எங்கள் பள்ளிக்குத் தொடர்பு உண்டு. புவியியல் படிப்பிக்கும் ஆசிரியை ஃப்ராவ் கெல்னர்தான் அதற்குப் பொறுப்பு. அந்தக் கிராமப் பள்ளியின் அதிபர் யாக்குபு என்பவர் பட்டணத்துக்குப் போய் மின்னஞ்சலில் அனுப்பியதை அவர் அச்செடுத்துக் குத்தியிருந்தார். ஆபிரிக்காவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று காட்டத்தான். யாரும் நின்று வாசித்ததை நான் காணவில்லை. எனக்கு வாசிக்க நாலு மாலைகள் எடுத்தன. எழுத்துக்கூட்டி நிற்பேன், விளக்கு அணைந்துவிடும். கையை மேலே ஆட்டுவேன், எரியும். இன்னொரு வரி வாசிப்பேன்.

அவர் எழுதியிருந்தது இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் இங்கிருந்து அனுப்பிய கொம்பியூட்டர்கள் ஒரு வகுப்பறையில் அடுக்கிக் கிடக்கின்றன. பள்ளிக்கு இன்னும் மின்கம்பி வரவில்லை. அந்த அறையில் இருந்த ஆறாம் வகுப்பு இப்போது வெளியே மரத்தடியில். பிள்ளைகளுக்குச் சிமெந்துத் தரையில் கரியால் விசைப்பலகை கீறி, விரல் வைக்கப் பழக்குகிறார். கூரையில் வைக்கும் சூரியத் தகடு இரண்டும் ஒரு பற்றரியும் கிடைத்தால் நாலு கொம்பியூட்டராவது வேலை செய்யும். தயவுசெய்து இனிப் பெட்டிகள் அனுப்பவேண்டாம். வந்தால் ஐந்தாம் வகுப்பும் வெளியே போகவேண்டியதுதான். ‘பரிசை மறுக்க எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் என்னை விடாது. நீங்கள்தான் அனுப்பாமல் விடவேண்டும்.’

அன்றிலிருந்து அவர் எனக்கு யாக்குபு மாஸ்டர் ஆனார்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் சிற்றூழியனாக இருந்த காலத்தில் லண்டனிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பெரிய ரெலிவிஷன் ஒன்று அனுப்பினார். அது வந்த கையோடு போரால் கறண்ட் நின்றது. மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காத காலம். ஆனால் ஒவ்வொரு பரிசளிப்பு விழாவுக்கும் அந்த ரெலிவிஷனை மேடையில் வைத்து, பூமாலை போட்டு, படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பினோம். விழா முடிய மேசைச் சீலையால் மூடி உள்ளே வைத்துவிடுவோம். மழைக்கு ஒழுகிய கூரைக்கு ஓடு வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் எழுதவில்லை. துடைத்து வைத்தவன் நான். நானும் எழுதவில்லை.

இங்கேயும் துடைக்கிறவன் நானே. இந்த வருடம் பள்ளிக்குத் தட்டைத் திரைகள் வந்தன. வயிறு பெருத்த பழையவற்றைக் கானாவுக்கு அனுப்பப் பெட்டியில் அடைக்கச் சொன்னார்கள். சிலவற்றில் ‘டெஃபெக்ட்’ என்று கடதாசி ஒட்டியிருந்தது. பழுது என்று அர்த்தம். அந்தக் கடதாசியை உரித்துவிடச் சொன்னார் ஃப்ராவ் கெல்னர்.

“இது வேலை செய்யாதே” என்றேன் எனக்குத் தெரிந்த ஜேர்மனில்.

“அங்கே உள்ளவர்கள் கைவேலையில் கெட்டிக்காரர்கள். திருத்திவிடுவார்கள்.”

“கடிதத்தில் கறண்ட் இல்லை என்று...”

அவர் முகம் மலர்ந்தது. “நீங்கள் ஆங்கிலம் வாசிப்பீர்களா? சூப்பர்!” பிறகு என் தோளில் தட்டினார். “எல்லாம் படிப்படியாக வரும். முதலில் கொம்பியூட்டர், பிறகு மின்சாரம்.”

இந்த மனிதர்களின் கோபத்தை என்னால் தாங்கமுடியும். பத்து வருடம் அகதி விண்ணப்பத்தோடு அலைந்தபோது அதைப் போதியளவு பார்த்திருக்கிறேன். இந்த அன்பைத்தான் தாங்கமுடியவில்லை. அது கேட்காது, வாசிக்காது, கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பெட்டிகளை வழியனுப்ப ஒரு விழா. யாக்குபு மாஸ்டரையும் அழைத்திருந்தார்கள். அவர் நேரில் வந்து சொல்லட்டும் என்று நான் அந்த நாளை எதிர்பார்த்திருந்தேன். அவருக்கு விசா கிடைக்கவில்லை. இந்த நாட்டுக்கு அவருடைய நன்றி வேண்டும், அவர் வேண்டாம்.

துப்புரவாக வரச் சொன்னதால் மனைவி சாந்தி என் கோட்டை அயன் பண்ணித் தந்திருந்தாள். கதிரைகளை அடுக்கிவிட்டு மேடையில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் நேரே வந்து என் கையில் ஒரு விசைப்பலகையைத் தந்தார்.

“ஹெர் யாக்குபு, இந்தப் பக்கம் பாருங்கள்.”

நான் ஃப்ராவ் கெல்னரைப் பார்த்தேன். அவர் கிட்ட வந்து, “ஒரு நிமிடம்தான். பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகச் சேர்த்தார்கள்” என்று மெதுவாகச் சொன்னார்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அகதி முகாமில் கானாக்காரரோடு ஒரே குசினியில் சமைத்திருக்கிறோம். அவர்கள் தொட்ட சட்டியை நாங்கள் இரண்டு தரம் கழுவுவோம். தமிழில் அவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத எனக்கு வெட்கம். மேடையில் யாக்குபு என்று என்னை அழைத்தபோது முதலில் எனக்கு வந்தது அவர்மேல் இரக்கமல்ல, நான் அவனில்லை என்ற ரோசம். அதற்குப் பிறகுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. காலையில் பலகையிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

எடுத்து விரித்தேன். மண்டபம் அடங்கியது. “அங்கே கறண்ட் இல்லை. இனி அனுப்பவேண்டாம் என்று அவர் எழுதியிருக்கிறார். நான் யாக்குபு இல்லை” என்றேன். என் குரல் எப்போதும் தொண்டைக்குள்தான். மைக் எங்கள் பள்ளி அதிபரிடம் இருந்தது. முன்வரிசைக்குக்கூடப் போயிருக்காது. பக்கத்தில் நின்ற ஃப்ராவ் கெல்னருக்குக் கேட்டது. அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் அவர் முகம் சிவந்தது. அடுத்த கணம் அவர்தான் கைதட்டத் தொடங்கினார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“முப்பது வயசிலை ஒருக்கா ஆமிக்காரன் உங்களை வேறை ஆளெண்டு பிடிச்சவன். இப்ப இவையளும். உங்கடை முகத்திலை என்ன, பேர் எழுத இடம் விட்டுக் கிடக்கோ?”

“பகிடி விடாதை.”

“நான் அவனில்லை எண்டு சொல்லியிருக்கலாம்தானே?”

“சொன்னனான்.”

“ஆருக்கு?”

கோட்டைக் கழற்றினேன். போர் நின்று பாதை திறந்தபின் ஊருக்குப் போனபோது என்னை ‘ஜேர்மன்காரர்’ என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். ஜேர்மனியில் நான் கானாக்காரன். உண்மையான கானாக்காரர் வாசலோடு நிறுத்தப்பட்டார். அவருடைய கதிரையில் என்னை இருத்தி, எங்கள் இருவர் வாயையும் ஒரே கைதட்டலில் மூடிவிட்டார்கள்.

அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. முகம் என்னுடையது, கீழே பெயர் யாக்குபு. ஏழரைக்கு லொறி வந்தது. பெட்டிகளை நானும் சாரதியும் ஏற்றினோம்.