அக்கி எழுதிய இடம்

எங்கள் ஊரில் என் சித்திக்கு எலிக்காரி என்று பெயர். அம்மாவின் தங்கை அவள். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் நோய்க்கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சங்கராபுரம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மழை விட்டதும் அந்தப் பக்கமெல்லாம் பெயர் தெரியாத ஒரு காய்ச்சல் வரும். சிலரைக் கொண்டுபோயும் விடும். அதைத் தேடித்தான் அந்த வருஷம் சித்தி ஒரு மூட்டை எலிப்பொறிகளோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள்.

மசால் வடையைக் கிள்ளி வைத்து, பொறிகளைப் புதர் ஓரங்களில் வைப்பாள். மாட்டிய எலியின் காதைச் சுரண்டி, கண்ணுக்கே தெரியாத உண்ணிகளைக் குப்பியில் அடைப்பாள். "எலி புடிக்கறதுக்கா மெட்ராஸ் போயி அம்மாம் படிச்ச?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதற்குச் சித்தியும் சேர்ந்து சிரித்தாள். எலிக்குப் போக மிச்ச வடைதான் எனக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை.

காய்ச்சல் என்று யார் படுத்தாலும் சித்தி போய் நிற்பாள். அக்குள், கழுத்து, தொடையிடுக்கு என்று கூச்சமில்லாமல் தேடுவாள். உண்ணி கடித்த இடத்தில் பீடி நெருப்பால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்குமாம். அதைக் கண்டுவிட்டால் போதும், சாதாரண மாத்திரையிலேயே காய்ச்சல் இறங்கிவிடுமாம். அந்த மாத்திரை அவள் பையிலும் இருந்தது. புதரில் அலைகிறவள் என்பதால் தனக்கென்று வைத்திருந்தாள்.

கரட்டு மேட்டில் புல் அறுக்கப் போய்வந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. சித்தி உடனே கேட்டாள்.

"அக்கா, ஒடம்புல எங்கனா கருப்பா பொருக்கு இருக்குதா?"

"இடுப்பாண்ட அக்கி வந்துக்கினு இருக்குது, அவ்ளோதான். காலையிலதான் எழுதிக்கினு வந்தேன்."

"காட்டேன், பாக்கறேன்."

"இன்னாடி நீ, அக்கியப் போயி தொடுவாங்களா? ஈரம் பட்டா ஏறிக்கும். போயி உன் எலியப் பாரு."

பானை செய்கிற வீட்டு அம்மாள்தான் எங்கள் ஊரில் அக்கி எழுதுவாள். காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின்மேல் சிங்கம் வரைந்து சுற்றிலும் பூசிவிடுவாள். அது தானாக உதிரும்வரை யாரும் தொடக் கூடாது. சித்தியும் அந்தக் காவியைப் பூசிக்கொண்டு வளர்ந்தவள்தான். அவளைப் படிக்க அனுப்பச் சொல்லி வீட்டில் சண்டை போட்டவள் அம்மா. ஊரார் உடம்பையெல்லாம் பார்த்தவள், அக்காவின் புடவைக் கொசுவத்தை விலக்கத் துணியவில்லை. அக்கி என்றால் எரியும்; உண்ணி கடித்த இடம் வலிக்கவே வலிக்காது. எரிகிறதா என்றாவது அன்றைக்கு அவள் கேட்டிருக்கலாம். கேட்காமல் பொறிகளை எடுத்துக்கொண்டு கரியாலூருக்கு மலையேறிப் போய்விட்டாள்.

சங்கராபுரத்தில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சித்தி மலையிலிருந்து இறங்கி வந்தபோது அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கார் பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சித்தி யாரையும் கேட்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் இடுப்பிலிருந்த காவியைத் துடைத்தாள். சிங்கம் கரைந்து சிவப்பாக ஒழுகியது. அடியில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. "டாக்டர்!" என்று அவள் கத்திய கத்தலில் நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். மருந்து ஏற்றினார்கள். அம்மா அதன்பிறகு கண் திறக்கவேயில்லை.

இன்று எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில், காய்ச்சலோடு வருகிறவர் உடம்பில் அக்கி எழுதியிருந்தால், நர்ஸம்மா முதலில் ஈரப்பஞ்சை எடுத்துக் காவியைத் துடைத்துப் பார்க்கிறார். சித்தி ஊர் ஊராகப் போய்ச் சொல்லி, எழுதி, மன்றாடி ஏற்படுத்திய பழக்கம் அது. அதனால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்க்கும்போது சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு வயிறுதான் எரிகிறது.

அன்றைக்குச் சாவு வீட்டில் பெண்கள் வாய்விட்டே சொன்னார்கள். "அக்கியத் தொடச்சா, உள்ள ஏறிப் புடிச்சிக்கிச்சு. படிச்ச திமிரு." நானும் அதையே நம்பினேன். என் கண்ணால் பார்த்தேனே, சித்தி துடைத்தாள், அம்மா செத்துப்போனாள். சித்தி சுவரோரம் உட்கார்ந்து, காவிக்கறை போகாத விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடுவில் என்னைப் பார்த்து, வா என்று கை நீட்டினாள். நான் அப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். துடைத்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். முதல் நாளே துடைக்காமல் போனோமே என்று அவள் அழுதது எனக்கு அப்போது தெரியாது.