பெரியவர்களுக்கு மட்டும் காமெடி

கப்பலின் அரங்க வாசலில் நான் நின்றேன். என் மகள் நின்றாள், வயது பதினாறு. டிக்கெட் பார்க்கிற தம்பி நின்றான். பட்டினப்பாக்கத்து மீன் கடைக்கு லீவு விட்டு, நாங்கள் முதன்முதலாக ஏறிய உல்லாசக் கப்பல் அது.

"பதினெட்டு ஆவல. அம்மா கூட வந்தா விடலாம்," என்றான் தம்பி.

"நீ வராதமா, மானம் பூடும்," என்றாள் மகள்.

"நான் வரலன்னா நீயும் கெடையாது. நட."

முன்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் இருந்தவன் முதலிரவைப் பற்றியே பேசினான். மகள் எதிரில் சிரிக்கக் கூடாதென்று நான் பல்லைக் கடித்தேன். என் எதிரில் சிரிக்க வெட்கப்பட்டு அவள் துப்பட்டாவைக் கடித்தாள்.

"இன்னாமா, சாவு வூட்டுக்கா வந்துகீறீங்க?" என்று அவன் எங்களைக் கேட்டான். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் அசையவில்லை.

கடைசி வரை சிரிக்காதவர்கள் இரண்டு பேர்.