பட்டுப்புடவைக்கு ஏறிய முள்

காற்றில் பாதரச ஆவி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர்களைச் சரிபார்ப்பதுதான் என் முதல் வேலை. தாம்பரத்தில் ஒரு சின்னப் பட்டறை; அதன் சோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் நான். சுத்தமான காற்றில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மூடிய ஜாடிக்குள் ஒரு சொட்டு பாதரசம் இருக்கும். அதன் மேலுள்ள காற்றை சிரிஞ்சில் எடுத்து மீட்டருக்குள் செலுத்தினால், அன்றைய வெப்பத்துக்கு அட்டவணை சொல்லும் கோடு வரை முள் ஏற வேண்டும். ஆனால் பெட்ரோல் மாதிரி கார வாடை எது பட்டாலும் மீட்டர் அதைப் பாதரசம் என்று ஏமாந்துவிடும். ஸ்கூட்டரில் வரும் மேற்பார்வையாளரையே தினமும் கை கழுவ விரட்டுவேன். "வாசனையோடு உள்ளே வராதீர்கள்" என்று கதவில் எழுதி ஒட்டியதும் நான்தான். அவ்வளவு மிதப்பு.

ஆறு மாதப் பயிற்சி முடிகிற நாள். மீட்டர் வாங்க வரும் அதிகாரி முன்னால் சரிபார்த்துக் காட்டினால் வேலை நிரந்தரம். சொதப்பினால் கூடுவாஞ்சேரி வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும் அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று போனேன்.

மீட்டரைப் போட்டதும் முள் விறுவிறுவென்று ஏறியது. ஜாடி மூடித்தான் இருந்தது. எங்கோ பாதரசம் சிந்தியிருக்கிறதென்று மேற்பார்வையாளர் தரையில் தவழ்ந்து தேடினார். எனக்கு அழுகை முட்டியது, வாசலுக்கு ஓடினேன்.

"இறங்கிடுச்சு, வாம்மா!" என்று அவர் கத்தினார். உள்ளே போனேன். ஏறியது. வெளியே வந்தேன். இறங்கியது. முந்தானையால் மூக்கைத் துடைத்தபோதுதான் குப்பென்று அடித்தது, பாச்சை உருண்டை வாடை!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பட்டறை பெருக்கும் அக்காவை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்தேன்.

"இன்னாம்மா, காலங்காத்தால பேஜார் பண்ற?"

"உங்க புடவையக் குடுங்கக்கா. இந்தப் பட்ட நீங்க கட்டிக்குங்க. அப்புறம் சொல்றேன்."

ரவிக்கை புதிதாகத் தைத்தது, அதில் வாடை இல்லை; பிழைத்தேன். நூல் புடவையில் நான் உள்ளே ஓட, பட்டில் அக்கா வாசலில் நிற்க, அதிகாரி வந்து அவரைக் கும்பிட்டார். "நீங்கதான் டெஸ்ட் பண்றவங்களா மேடம்?"

"நான் இல்ல சார். அந்தப் பொண்ணு உள்ள காத்த அளந்துகினு கீது."

முள் பூஜ்யத்தில் நின்றது. சிரிஞ்சை அழுத்தினேன், அட்டவணை சொன்ன கோட்டில் போய் நின்றது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வேலை நிரந்தரம்," என்றார் மேற்பார்வையாளர். "போய்க் கை கழுவிட்டு வாம்மா."

வாசலில் அக்கா புடவையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "நாளைக்கும் டெஸ்ட்டு இருக்குதாம்மா?"

"தினமும் இருக்குக்கா. இனிமே தினமும்!"