ஆட்டக்காரர் விழுந்துவிட்டார், மதாம்

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, மார்ச் மாதம். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேரில், நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு வெயார்ஹவுசில் நான் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். மார்ச் என்றால் வசந்தம் என்று இங்கே நாட்காட்டி மட்டும்தான் சொல்லும். கதவைத் திறந்தால் பனி கறுத்து, உப்பில் அரிபட்டு, யாரோ கழற்றி எறிந்த பழைய கோட்டுப்போல வீதியோரம் கிடக்கும்.

அந்த வருடம் இன்னும் மோசம். அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தோடு எங்கள் நகரத்து பேஸ்போல் அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. பின்னால் வந்த குளிர்காலத்தில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரருக்கும் சண்டை முற்றி ஹொக்கியும் நின்றுபோனது. விளையாட்டு வானொலிக்காரருக்குப் பேச ஒன்றுமே இல்லை. ஆனாலும் பேசினார்கள். இல்லாத ஆட்டத்தைப் பற்றி, போய்விட்ட அணியைப் பற்றி, மணிக்கணக்காக. வெறும் வீட்டுக்குள் நின்றுகொண்டு கதிரையை எங்கே போடுவது என்று இரண்டுபேர் சண்டை பிடிப்பதுபோல இருக்கும் கேட்க.

எனக்குப் பிரெஞ்சு தந்தது அந்த வானொலிதான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. வேலை கிடைத்தது. வேலை செய்த இடத்தில் பெட்டி அடுக்கும் தட்டுக்கு மேலே ஒரு வானொலி இருந்தது. கோடை முழுக்க பேஸ்போல் வர்ணனை. கிரிக்கெட் தெரிந்தவனுக்கு பேஸ்போல் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, முகச்சாயல் இருக்கும், குணம் வேறு. ஆட்டம் கொஞ்சம் விளங்க, மொழியும் கொஞ்சம் விளங்கியது. வர்ணனைக்காரர் சொல்வதைச் சொல்லிச் சொல்லிப் பெட்டி தூக்கினேன். ஆனால் சட்டையை வாங்கப் போனவன் அதற்குள் இருந்த ஆளையும் சேர்த்து வாங்கிவந்த கதையாகிவிட்டது என் பிரெஞ்சு. சொல் வந்தபோது அந்த மனிதரின் குரலும் கூடவே வந்தது. தெப்பனரில், அதுதான் எங்கள் மூலைக்கடையில், நான் பால் கேட்டால் கடைசி இன்னிங்சில் பந்து எல்லை தாண்டிப் போவதுபோல இருக்குமாம். என் மகள் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள்: "அப்பா, டீச்சரோட நீங்க கதைக்காதேங்கோ. அம்மா கதைக்கட்டும்."

வெயார்ஹவுசில் மட்டும் அந்தக் குரலுக்கு மரியாதை இருந்தது. காரணம் ஒரு மனிதர். போர்க்லிப்ட் ஓட்டுபவர், பிரெஞ்சு பேசும் கெபெக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன், அன்றிலிருந்து வேறு பெயருக்குத் திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவார். எனக்குள் அது எப்படிக் கேட்டதோ அப்படியே என் தமிழில் எழுதுகிறேன்.

"நீ கதைக்கேக்கை கண்ணை மூடினா, நான் மைதானத்திலை இருக்கிறன்," என்றார் ஒருநாள். "கண்ணைத் திறந்தா பெட்டி."

அவர்தான் எனக்கு இதில் ஒரு வித்தை இருக்கிறது என்று காட்டினார். அதுவரை நான் அறியாமல் செய்துகொண்டிருந்தேன், அதன் பிறகு அறிந்து செய்யத் தொடங்கினேன். குரலைப் பிடிக்கப் போனால் வராது. மூச்சைப் பிடிக்க வேண்டும். எங்கள் வர்ணனைக்காரர் மட்டையில் பந்து பட்டவுடன் கத்தமாட்டார். சின்னதாக ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சுக்குள் பந்து எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே தெரிந்துவிடும், அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சொல்வார். பின்னேர நிகழ்ச்சியில் நேயர்களோடு சண்டை பிடிக்கிற இன்னொருவர் இருந்தார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, மெலியும், நூல்போல. தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு பேசினால் அவர் வந்துவிடுவார். இரண்டுபேரையும் வைத்துக்கொண்டு சாப்பாட்டறையில் நான் நடத்திய கூத்துக்கு முழு வெயார்ஹவுசும் வந்து நிற்கும்.

அணி போனபிறகு அண்ணை ஒடுங்கிப்போனார். அணியின் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றவில்லை. வானொலியையும் நிறுத்தவில்லை. ஆனால் இடைவேளையில் என்னைப் பழைய ஆட்டம் ஒன்றைச் சொல்லச் சொல்லுவார், எந்த வருடத்து ஆட்டம், யார் பந்தெறிந்தது என்று அவரே எடுத்துக்கொடுப்பார், நான் சொல்லச் சொல்ல முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு நகம் கடித்துக்கொண்டிருப்பார்.

இதில் அவருடைய மனைவிக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர்கள் இருந்தது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், தீவின் நுனியில். மனைவி வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். ஆங்கிலம் அவருக்கு யெஸ், நோ என்பதோடு முடியும். பின்னேர இடைவேளையில் அண்ணை சாப்பாட்டறைச் சுவரில் தொங்கிய தொலைபேசியில் வீட்டுக்கு அடித்து, என் கையில் தருவார்.

"மதாம், எட்டாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டு ஆட்டக்காரர் மட்டையை எடுப்பதா விடுவதா என்று யோசிக்கிறார்."

"யோசிக்கிறதை விட்டிட்டு வரேக்கை பாண் வாங்கச் சொல்லு."

அவ்வளவுதான் விளையாட்டு. அண்ணை பியர் குடிக்கப் போகிற வெள்ளிக்கிழமைகளில் வேறு ஒரு செய்தி இருந்தது. "ஆட்டக்காரர் விழுந்துவிட்டார், மதாம். ஸ்ட்ரெச்சர் வருகிறது. மைதானம் முழுவதும் எழுந்து நிற்கிறது." அப்படிச் சொன்னால் பிந்தி வருவார் என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரும். "எந்த முழங்கால்? பியர் குடிக்கிற முழங்காலோ?" அண்ணை பக்கத்தில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரிப்பார். நாளடைவில் அந்த எண்ணை நானே அடிக்கத் தொடங்கினேன். விரலுக்குப் பாடமாகிவிட்டது.

அந்த மார்ச்சில் ஒருநாள் மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் அண்ணை போர்க்லிப்டை நிறுத்திவிட்டு இறங்கினார். பெட்டித் தட்டைப் பிடித்தார். களைப்பாறுகிறவர்போல நிலத்தில் இருந்தார். பிறகு படுத்தார். தொப்பி உருண்டு போனது. ஒருவருக்கும் அவசரம் தோன்றாத அளவுக்கு மெதுவாக எல்லாம் நடந்தது. முகத்தைப் பார்த்த பிறகுதான் நாங்கள் ஓடினோம்.

அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்களில் ஒருவர், வீட்டாருக்கு உடனே சொல்லுங்கள், உடனே, என்று இரண்டாம் தரமும் சொன்னார். அந்த இரண்டாவது 'உடனே'யில் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுப்பர்வைசர் ஆங்கிலக்காரர், பிரெஞ்சு அரையும்குறையும். அவர் என்னைப் பார்த்தார். எண் யாருக்குத் தெரியும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அடித்தேன். மதாம் எடுத்தார்.

நான் ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. மைதானம் என்று சொல்லவில்லை. "மதாம், உங்கள் கணவர் விழுந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் வந்திருக்கிறது" என்றுதான் சொன்னேன். ஆனால் 'விழுந்துவிட்டார்' என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லை நான் வாழ்க்கையில் வானொலியில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். வானொலியில் எப்படி வருமோ அப்படியே வந்தது. முன்னால் அந்தச் சின்ன மூச்சும் வந்தது. என் காதாலேயே கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஆட்டமே இல்லாத ஊரிலை எங்கை போய் விழுந்தவர்?" என்றார். அடுப்பில் சூப் கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்ப அடித்தேன். இந்தமுறை குரலை இறக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். குரலை இறக்கினால் மற்றவர் வந்து நிற்கிறார், அந்தச் சண்டைக்காரர், நூல்போன்ற குரலோடு. நான் வேண்டுமென்று கூப்பிடவில்லை. எனக்குள் பிரெஞ்சு பேச இருந்தது இரண்டே பேர்தான், ஒருவரைத் தள்ளினால் மற்றவர் வருகிறார். இது பகிடி இல்லை, மதாம், இது உண்மை, என்கிறேன். அந்த வாக்கியத்தையே அந்த மனிதர் ஒவ்வொரு பின்னேரமும் வானொலியில் சொல்லுவார்.

"காணும்," என்றார் அவர். "சிரிச்சாச்சு. எனக்குத் தையல் கிடக்கு." வைத்துவிட்டார்.

சாப்பாட்டறைக் கண்ணாடிக்கு அப்பால் அண்ணையைக் கொண்டுபோனார்கள். சக்கரங்கள் சீமெந்து நிலத்தின் வெடிப்புகளில் ஏறி இறங்கின. ஒரு கை வெளியே தொங்கியது, யாரோ அதை எடுத்து உள்ளே வைத்தார்கள். அவருக்கு இன்னும் மூச்சிருந்தது. அந்த மூச்சு இருக்கும்போதே அந்தப் பெண் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு நடுவில் நின்றது என் தொண்டை மட்டும்தான்.

மூன்றாம் தரம் அடித்தேன். "என்ன இப்ப?" என்று எடுத்தார், சினத்தோடு. நான் வாயைத் திறந்தேன். பிரெஞ்சு வரவில்லை. என்னிடம் இருந்த ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லும் இன்னொருவருடையது, அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. தொலைபேசிக் கம்பியைக் கையில் சுற்றிச் சுற்றி விரல் நீலமாகிவிட்டது. அப்போது தமிழ் வந்தது. நான் கூப்பிட்டு வரவில்லை, வாந்தி வருவதுபோல வந்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்தப் பெண்ணிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு, தமிழில் பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுதேனா என்றும் தெரியாது. பக்கத்தில் நின்ற சுப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு, மிக மெல்ல, "எங்கை?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். பெயரைச் சொல்ல யாருடைய குரலும் தேவைப்படவில்லை.

டாக்சி பிடித்து மதாம் போய்ச் சேர்ந்தபோது அண்ணைக்கு நினைவிருந்தது. பேச்சில்லை, ஆனால் கண் திறந்திருந்தது, கையைப் பிடித்தபோது பிடித்தாராம். மறுநாள் விடிய முதல் அண்ணை போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வெயார்ஹவுசிலிருந்து எல்லோரும் போனோம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் கோப்பி தந்தார்கள். ஒருவர் வந்து, அவருக்காக ஒரு தரம் அந்தக் குரலில் ஏதாவது சொல்லேன், அவர் சந்தோசப்படுவார், என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் முயன்றும் பார்த்தேன். மூச்சு வந்தது. மூச்சுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து பல வாரம் நான் பிரெஞ்சு பேசவில்லை. கடையில் விரலால் காட்டினேன். வேலையில் தலையாட்டினேன். பிறகு ஒரு பின்னேர வகுப்பில் சேர்ந்து, சின்னப்பிள்ளைகள்போல, நான் போகிறேன், நீ போகிறாய் என்று தொடங்கினேன். இப்போது என் பிரெஞ்சு தட்டுத்தடுமாறும், மூக்கில் நிற்க வேண்டிய ஒலி நெஞ்சில் நிற்கும், கேட்பவர்கள் எந்த நாடு என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

ஜூன் மாதம் ஒருநாள் மதாம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சென்ட்-ஆனில் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருந்தோம். படகுகள் நீர்க்கதவு திறக்கக் காத்து நின்றன. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முதல்தரம் நான் சிரிச்சனான். அவர் நிலத்திலை கிடக்கேக்கை நான் இஞ்சை சிரிச்சனான். உனக்குத்தானே தெரியும்."

ஆறுதலாக ஒன்று சொல்ல வேண்டும். என் புதிய பிரெஞ்சில் அதற்குச் சொல் இன்னும் வந்திருக்கவில்லை.

"மூண்டாம் தரம் நீ சொன்னதிலை ஒண்டும் எனக்கு விளங்கேல்லை," என்றார். "ஒரு சொல்லுகூட. அதாலைதான் எழும்பிக் கோட்டை எடுத்தனான்." என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னனீ அண்டைக்கு?"

யோசித்தேன். எல்லாம் நினைவிருந்தது. மழைப்பனி, கம்பி சுற்றிய விரல், தொங்கிய கை. சொன்ன வார்த்தை ஒன்றுகூட நினைவில்லை. பொய்யாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம், அழகாக, அவருக்கு ஆறுதலாக. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியாது, மதாம்."

அவர் தலையாட்டினார். நீர்க்கதவு திறந்தது. படகுகள் ஒவ்வொன்றாகப் போயின, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மற்றவர் குரலை எடுத்து எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவன் நான். ஆனால் ஒரு மனுசியை எழும்பி ஓடவைத்த குரல் ஒரே ஒரு தரம்தான் எனக்கு வந்தது, அது என்னுடையதாக இருந்தது, அதை மட்டும் இன்றுவரை என்னால் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை.