சிவப்பு ரப்பர் ஷீட்

மழைக்குக் கூரையாக எது உதவும், எது உதவாது என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். உரச்சாக்கைப் பிரித்துத் தைத்தால் தையல் வழியாக ஒழுகும். கடையில் முழம் போட்டு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் முதல் காற்றிலேயே கிழிந்துவிடும். தார்ப்பாய் ஒழுகாது, ஆனால் நாலாம் வகுப்புப் பையனால் அதை அசைக்கக்கூட முடியாது. இந்த ஞானமெல்லாம் எனக்கு எண்பதுகளின் கடைசியில், ஒரே வாரத்தில் வந்தது.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி. சென்னையை ஒட்டிய பாடியில் ஒரு லாரியில் கிளீனராக இருந்தார். லாரி கிளீனர்கள் வெளியூரில் வண்டிக்கு அடியிலேயே கயிற்று வலையைக் கட்டி, அதில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். அந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திருமுல்லைவாயிலில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்ததுதான் தாமதம், நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ராத்திரியாவது அதில் தூங்க வேண்டும், அதுவும் வீட்டில் இல்லை, வெளியே எங்காவது. சரி, சனிக்கிழமை திருநின்றவூர் ஏரிக்கரையில் இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவில் கட்டித் தருகிறேன் என்று மாமா வாயை விட்டு மாட்டிக்கொண்டார்.

அப்போது ஐப்பசி மாதம். எனக்கோ நனைந்தால் இழுப்பு வந்துவிடும். மேலே ஒரு கூரை இல்லாமல் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"லாரி கீழ படுத்தா லாரியே கூர. மரத்துல கட்டுனா மேல இன்னாத்த போடுவே? அத்த நீ ரெடி பண்ணு மாப்ளே, நான் இட்டுகினு போறேன்" என்றார் மாமா.

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் யாரும் சிரிப்பதில்லை. அக்கா படுத்த படுக்கையாக இருந்தாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள், பாடியில் பஸ்ஸிலிருந்து விழுந்தாள். அதோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சிறுநீர் அவளுக்குத் தெரியாமலே போகும். அதற்காக அவள் பாயின் மேல் ஒரு சிவப்பு ரப்பர் ஷீட், அதன் மேல் அம்மாவின் பழைய புடவை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா செம்பும் கையுமாக அவள் தலைமாட்டிலேயே நிற்பாள். "குடிச்சா நனையுது. நனைஞ்சா நீதான அலசிகினு கீறே, வோணாம்மா" என்று அக்கா ஒவ்வொரு மடக்குக்கும் சண்டை போடுவாள்.

அடுத்த பொங்கலை அக்கா பார்க்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்திருந்து அழவைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

நானோ என் ஆராய்ச்சியில் இருந்தேன். குழாயடியில் ஒவ்வொன்றாக விரித்துத் தண்ணீர் ஊற்றி, கீழே குனிந்து பார்ப்பேன். தூக்க முடியாத தார்ப்பாயைத் தவிர எல்லாம் ஒழுகியது. அப்பாவின் மழைக்கோட்டு ஒழுகவில்லைதான், ஆனால் அவருக்கு ஆவடி ஃபேக்டரியில் அந்த வாரம் ராத்திரி ஷிப்ட், கொடுக்க முடியாது என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம், கழுவிக் கொடியில் போட்டிருந்த ரப்பர் ஷீட் கண்ணில் பட்டது. இழுத்துப் பிடித்து ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன். ஒரு பொட்டு இறங்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமா! அக்காவோட மூத்திர ஷீட்டுதான் பெஸ்ட்டு!"

அம்மா ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல அடி. உள்ளே அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்கு அடி என்று எனக்கு விளங்கவே இல்லை. உள்ளதைத்தானே சொன்னேன்?

சனிக்கிழமை சாயங்காலம் வரை வேறெதுவும் கிடைக்கவில்லை. பயணம் அவ்வளவுதான் என்று மூலையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அத்த அவனுக்குக் குடுத்துடும்மா."

"இன்னாடி பேசறே? உனுக்கு?"

"ஒரு ராத்திரியாச்சும் அது இல்லாம படுக்கணும்னு ஆசயா கீதும்மா. ஒண்ணும் ஆவாது, குடு."

அம்மா ஷீட்டை உருவி, கழுவித் துடைத்து, மடித்து என் கையில் வைத்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

புறப்படும்போது அக்கா ஜாடை காட்டி அழைத்தாள். தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர். "இத்த ஃபுல்லா குடிச்சிட்டுப் போடா. அம்மா கேட்டா நான்தான் குடிச்சேன்னு சொல்லு." என் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். மடமடவென்று குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

ஏரிக்கரையில் மாமா வலையைக் கட்டி, அதற்கு மேலே ஷீட்டை நாலு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். பினாயில் வாசனை அடித்தது. மாமா கீழே துண்டு விரித்துப் படுத்து, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்டி ஓடினு இருந்த பொண்ணுடா" என்று ஒரு தடவை சொன்னார். நான் மழை எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மழை வரவில்லை. விடியும் வரை ஒரு தூறல்கூட இல்லை.

காலையில் வீட்டுக்கு வந்தபோது அக்காவின் உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. "மழ பெஞ்சுதாடா?" என்று கேட்டாள். குரலே எழும்பவில்லை.

இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஐயோ, அப்படி ஒரு மழக்கா! இடி, காத்து! என் மேல ஒரு பொட்டு படல தெரிமா?" என்று அளந்துவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ உதவிச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா அவளைப் புரட்டி ஷீட்டைக் கீழே விரித்தாள். விரித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, அக்கா என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

ஷீட் இல்லாத பாயை நனைத்துவிட்டால், என்னை அனுப்பியதற்காக அம்மா வருந்துவாள் என்று, கொடுத்துவிடுவதென்று மனசுக்குள் முடிவு செய்த சனிக்கிழமை காலையிலிருந்தே அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அக்கா பிறகு அம்மாவிடம் ஒப்புக்கொண்ட இதை, வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு செம்பை ஒரே மூச்சில் குடித்தாள், இன்னொன்று கேட்டாள், அதையும் குடித்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள் என்பதுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. மழைக்கதை அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. அதை நடுவில் விட்டுவிட்டு எத்தனை தடவைதான் பானைக்கு எழுந்து போவது?