பாண்டிசெல்வியின் சர்க்கரை வியாதி

பாண்டிசெல்விக்குச் சர்க்கரை வியாதி என்பது ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் நூல் மில்லில் எல்லாருக்கும் தெரியும். மில் வாசல் டீக்கடையில் அவள் தலை தெரிந்ததுமே சீனி போடாத டீ ஒன்று தனியாக வந்துவிடும். கல்யாண வீட்டில் ஜாங்கிரித் தட்டோடு வருகிறவன் கிட்டே வருமுன்னே இலையைக் கையால் மறைத்துக்கொள்வாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள் பால்கோவா வாங்கி வந்து பிரித்தால், "நமக்குக் கொடுத்து வைக்கல தாயி" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். இருபது வருஷமாக இதே கதைதான்.

உண்மையில் அவள் ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. அவளுக்கு இருந்தது ஹெச்.ஐ.வி. மாசாமாசம் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் தினமும் மாத்திரை விழுங்குவதற்கும் ஊருக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டுமே! சர்க்கரை என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதுவே இருக்கிறது. பொய் என்னவோ நல்ல பொய்தான். ஆனால் இனிப்பென்றால் உயிரை விடுகிறவள் அவள். யாருமே பார்க்காத தன் வீட்டுக்குள்கூட அவள் சீனி டப்பா வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரி திடீரென்று உள்ளே வந்தால் என்ன பதில் சொல்வது என்ற பயம்.

புருஷன் சின்னக்கருப்பன் லாரி டிரைவர். கல்யாணமான நாலைந்து வருஷத்தில் காய்ச்சலும் பேதியுமாகப் படுத்து, எலும்பும் தோலுமாகி, 2002-இல் செத்துப் போனான். பிள்ளை இல்லை. அவனைப் பார்த்த டாக்டர் இவளுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவைச் சொன்ன கையோடு, "மருந்து இருக்கும்மா, ஆனா உங்களால வாங்க முடியாது" என்றார். ஒரு மாச மாத்திரையின் விலை அவள் மாசச் சம்பளத்தைத் தாண்டி நின்றது. அதே மாத்திரையை நம் நாட்டுக் கம்பெனிகளே மலிவாகச் செய்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது என்று பின்னால் கேள்விப்பட்டபோது அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யார்மேல் காட்டுவது? மாமியார் வீட்டில் அவளுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்தார்கள். ஒரு வாரம் அதில் சாப்பிட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு துணிப்பையோடு வெளியே வந்து, தனியாக ஒரு வீடு பிடித்து, மில்லில் சேர்ந்தாள்.

அரசாங்கம் மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் மதுரைக்குப் போனாள். அங்கே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் ஜாஸ்மின். இவள் வயதுதான், இவளைப் போலவே புருஷனைப் பறிகொடுத்தவள். வாழ்நாளில் பாண்டிசெல்வி ஒளிவுமறைவு இல்லாமல் பேசிச் சிரித்த ஒரே ஆள் அவள். அந்தக் காலத்தில் பெயர் கொடுத்த உடனே மாத்திரை தந்துவிட மாட்டார்கள். உடம்பைக் காவல் காக்கிற சி.டி.4 அணுக்களை எண்ணுவார்கள். அது இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. நம் நாட்டு விதி மட்டுமல்ல, மருந்து அரிதாக இருந்த எல்லா ஏழை நாட்டிலும் அதுதான் விதி. பாண்டிசெல்விக்கு இறங்கியிருந்தது. ஜாஸ்மினுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினார்கள். ஜாஸ்மின் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள். அந்த ஆறு மாசம் முடிவதற்குள் காசநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

சில வருஷம் கழித்து இருநூறு என்ற கணக்கை முந்நூற்றைம்பது ஆக்கினார்கள். அப்புறம் ஐந்நூறு. அப்புறம் ஒரு கணக்கும் வேண்டாம், கிருமி இருப்பது தெரிந்த அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கு என்றார்கள். அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மாத்திரை கொடுக்கிற சென்டர் வந்து, பாண்டிசெல்வி அங்கே மாறியிருந்தாள். ராஜபாளையத்து ஆட்கள் கண்ணில் படக்கூடாது என்று அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஊர்க்கண்ணுக்குப் பயந்து விருதுநகருக்குப் பஸ் ஏறினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டரில் ஆலோசகராக இருந்த சிவரஞ்சனியிடம் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அன்னைக்கே எல்லாருக்கும் குடுத்திருந்தா ஜாஸ்மின் இருந்திருப்பால்ல?"

சிவரஞ்சனி சின்னப் பெண். ஆனால் பூசி மெழுகத் தெரியாதவள். "இருந்திருப்பாங்கக்கா. சீக்கிரமே குடுக்கதுதான் நல்லதுன்னு ஆயிரக்கணக்கான பேர வச்சுப் பாத்த பொறவுதான் தெரிஞ்சிச்சு. ஆராய்ச்சி பண்ணித்தான தெரியும்?"

"தெரியுததுக்குள்ள செத்தவளுக்கு யாரு பதில் சொல்லுதது?"

சிவரஞ்சனி சமாளிக்கப் பார்க்காமல், ஜாஸ்மினைப் பற்றிச் சொல்லுங்கக்கா என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதனால்தான் பாண்டிசெல்விக்கு அவளைப் பிடித்தது.

அவளைப் பிழைக்க வைத்த மாத்திரைகளும் சும்மா வைத்திருக்கவில்லை. முதல் மாத்திரை ரெண்டு மூணு வருஷத்தில் அவள் கன்னத்துச் சதையை உருவி எடுத்தது. கை கால்களில் நரம்பு கயிறாகப் புடைத்தது. "சக்கர ஆள எப்டி உருக்கிருச்சு பாரு" என்று மில்லில் உச்சுக்கொட்டினார்கள். பொய்க்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. அந்த மாத்திரை முகத்தைக் கெடுக்கிறது என்று உலகத்துக்குப் புரிந்து அதை நிறுத்தினார்கள், வேறு கொடுத்தார்கள். போன கன்னம் திரும்பவில்லை. அடுத்தது ரத்தத்தைக் குறைத்து மூச்சிரைக்க வைத்தது. அதற்கடுத்தது கனவாகக் கொண்டுவந்து கொட்டியது. தூங்கப் போகவே பயந்தாள். கடைசியாக ஒரு மாத்திரை வந்தது. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. எந்தத் தொந்தரவும் இல்லை. நல்ல பிள்ளை என்று அதற்கு மனசுக்குள் பெயர் வைத்தாள்.

அந்த நல்ல பிள்ளை வந்த மறுவருஷம், பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு சிவரஞ்சனி சொன்னாள்:

"அக்கா, ஒங்க ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சிருச்சு. போன வருசமும் இப்டித்தான். மாத்திரைய விடாம சாப்புடுத வரைக்கும் ஒங்ககிட்ட இருந்து இனி யாருக்கும் போகாது. கூடப் படுத்தாலும் போகாது."

பாண்டிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. இருநூறு என்று சொன்னதும் இவர்கள்தான், ஐந்நூறு என்று சொன்னதும் இவர்கள்தான். "நாளைக்கு மாத்திச் சொல்ல மாட்டியளே?"

"இது நல்லாப் பாத்தாச்சுக்கா. பல நாட்டுல ஆயிரத்துக்கு மேல ஜோடிங்கள வருசக்கணக்காக் கவனிச்சிருக்காங்க. ஒருத்தருக்கு இருக்கு, இன்னொருத்தருக்கு இல்ல. இப்டிக் கொறஞ்சு இருந்தவுககிட்ட இருந்து கூட இருந்தவுகளுக்கு ஒண்ணுகூடப் போகல."

பாண்டிசெல்வி யோசித்தது வேறு. "அந்த ஆம்பளைக எல்லாம் தெரிஞ்சேவா கூட இருந்தாக?"

"ஆமாக்கா. தெரிஞ்சுதான்."

கிருமி யாருக்கும் தொற்றவில்லை என்பதை அவள் நம்பினாளோ இல்லையோ, தெரிந்தே கூட இருந்தார்கள் என்பதை நம்புவதற்கு அவளுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும், அதற்குப் பிறகும், எந்த ஊர் ஆண்களோ அவர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். அழுகையாக வந்தது. இத்தனை வருஷத்தில் அவளைத் தொட்டவர்கள் ரத்தம் எடுக்கிற நர்சுகள் மட்டும்தான், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு.

இருளப்பசாமி அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தார். வன்னியம்பட்டிக்காரர், மில்லில் ஃபிட்டர், பெண்டாட்டியை இழந்தவர். ஒரே மகள் திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். காலமெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்று காது மந்தமாகிவிட்டது. ஆனால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார். நூல் மில்லில் இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின்கள் ஓடுகிற ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. எல்லாருமே உதட்டால்தான் பேசிக்கொள்வார்கள். மேஸ்திரி முகத்துக்கு நேராகவே அவரைத் திட்டுகிற பெண்கள் உண்டு. பாண்டிசெல்வியின் உதடு தெளிவான உதடு, அவள் சொன்னால் ஒரு சொல் தப்பாமல் புரிகிறது என்று இருளப்பசாமி சொல்லுவார். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

"எம் பொண்டாட்டிக்கும் சக்கரதான். கால எடுத்தும் காப்பாத்த முடியல. ஒன்னயாவது ஒழுங்கா பாத்துக்கிடணும்" என்று கம்மங்கூழும் பாகற்காய்ப் பொரியலும் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தார். பாகற்காயைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தனக்கென்று ஒருவர் அடுப்பு மூட்டியது அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஒருநாள் டீக்கடையில் வைத்துக் கேட்டார். காது கேளாதவர் குரல் அல்லவா, கடை முழுக்கக் கேட்டது. "எம்புட்டு நாளைக்கு இப்டித் தனியாக் கெடப்ப? எனக்கும் வீட்ல ஆளில்ல. ரெண்டு பேரும் சேந்து இருந்துக்கிடுவமா, செல்வி?"

வடை போட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியை எடுத்தபடி நின்றான். பாண்டிசெல்வி வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உதட்டை மறைத்துவிட்டதால் அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாமல் விழித்தாள்.

ஆசைதான். ஆசை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். சொல்லாமலே சேர்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். சிவரஞ்சனி சொன்னபடி அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனால் மாத்திரை டப்பாவை எத்தனை நாள் ஒளிப்பது? இல்லாத சர்க்கரைக்காக ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் பாகற்காய் நறுக்குவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். எங்கே வைத்துச் சொல்வது என்பதுதான் பாடு. வெளியே அவருக்குப் புரியும்படி சொன்னால் அவர் திருப்பிக் கேட்கிற கேள்வி தெருவுக்கே கேட்கும்.

ஷெட்டுக்குள் வைத்தே சொன்னாள். அவள் பார்க்கும் ஃபிரேமில் ஏதோ உரசல் என்று அவர் ஸ்பேனரோடு வந்து குனிந்திருந்தார். சுற்றி ஆட்கள் முதுகு காட்டி, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தோளைத் தட்டி நிமிர வைத்து, இருபது வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்ததை முழுக் குரலில் சொன்னாள். அவள் சத்தம் அவள் காதுக்கே கேட்கவில்லை. எய்ட்ஸ் கிருமி என்றாள். புருஷன்கிட்ட இருந்து வந்தது என்றாள். மாத்திரையில் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் போகாது என்றாள்.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதட்டை அசைத்தார். "அப்ப சக்கர?"

"பொய்."

அவர் முகம் விழுந்துவிட்டது. குனிந்து, முடுக்கியிருந்த போல்ட்டையே மறுபடி முடுக்கினார். போகும்போது, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று உதட்டால் சொன்னார்.

பத்திருபது நாள் ஓடியது. வழியில் கண்டால் நின்று தலையசைத்தார், ஆனால் கண்ணை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தூக்குவாளி வரவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, அவர் தானாகக் கேட்டு வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார் என்று தெரிந்தது. பயந்துவிட்டார் என்று பாண்டிசெல்வி நினைத்தாள். பாவம், வெவரம் தெரியாத மனுசன், தெரிந்தால் வந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டால் சோறு இறங்கியது.

அந்த வாரக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். கூட்டம் குறைவு. சிவரஞ்சனி நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்.

"நம்ம வேலைக்கும் பலன் இருக்குக்கா. ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒருத்தர் வந்தாரு. பேரு, ஊரு ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. மில்லுச் சட்டையோட வந்தாரு. காது சுத்தமாக் கேக்கல போல, நான் பேசப் பேச வாயவே பாத்துக்கிட்டு இருந்தாரு. தெரிஞ்சவுக ஒருத்தருக்கு இருக்கு, அவியளோட சேந்து வாழலாமா, ஒண்ணும் வராதான்னு கேட்டாரு. நான் ஆராய்ச்சி, கணக்கு எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒவ்வொண்ணாத் திருப்பிக் கேட்டுக்கிட்டாரு. 'எனக்குச் சுத்தமா வெளங்கிருச்சு தாயி, பயம் போயிருச்சு'ன்னு கும்புட்டுட்டுப் போனாரு. இந்த மாதிரி நாலு பேரு வந்து கேட்டாப் போதும், இல்லக்கா?"

"ஆமா" என்றாள் பாண்டிசெல்வி.

ரெண்டு வாரத்துக்கு முன்னால். ஷிப்ட் மாறியது இந்தத் திங்கட்கிழமை. விளங்கிக்கொண்டு, பயமும் போய், அதற்குப் பிறகுதான் மாறியிருக்கிறார். இத்தனை வருஷமும் தனியாகக் கிடந்ததற்குக் கிருமிமேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்க முடிந்தது. இன்றைக்குப் பழி போட அதுவும் இல்லை. சிவரஞ்சனி இவள் முகத்தைக் கவனிக்காமல் மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"நீங்ககூட போன தடவ ஒருத்தர் இருக்காருன்னு மட்டும் சொன்னியளேக்கா. அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்லுதாரு?"

"யோசிக்காரு."

"பயப்படுதாரு போல. ஒருதரம் இங்க கூட்டிட்டு வாங்க. நான் வெளங்கச் சொல்லுதேன். வெளங்கிருச்சுன்னா அவரா வந்து நிப்பாரு பாருங்க."

அந்தப் பிள்ளையின் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. அதைக் கெடுக்கப் பாண்டிசெல்விக்கு மனசு வரவில்லை.

"கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.