அம்மாவுக்கு என்ன வியாதி என்று கேட்டவர்களுக்கு

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தபோது உங்களில் பலர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நல்லாத்தான இருந்தாங்க, இன்னா வியாதி அவங்களுக்கு?" அன்று அப்பாவுக்கும் எனக்கும் பதில் சொல்லும் நிலை இல்லை. கேட்ட உங்களுக்காகவும், நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகவும் இந்த நினைவு மலரில் அதை எழுதுகிறேன்.

அம்மா கருங்குழியில் பிறந்தார். தாத்தாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும் விளையும் கொஞ்சம் நிலம் இருந்தது. பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, அம்மா மாவட்ட அளவில் ஓடிப் பரிசு வாங்கி வந்துவிட்டாராம். உடற்கல்வி படித்துத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சரானார். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்த அப்பாவை மணந்து புதுப்பட்டினத்தில் குடியேறினார். நான் அவர்களுக்கு ஒரே மகள்.

முதல் தொந்தரவு விசிலில்தான் தெரிந்தது. அப்போது அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மைதானத்தில் விசில் ஊதினால் பின்மண்டையில் பளீரென்று ஒரு வலி. இருமினாலும் தும்மினாலும் அதே வலி. வாய்விட்டுச் சிரித்தாலும் வரும். சற்று நேரத்தில் போய்விடும். சைனஸ் என்றார் ஒரு டாக்டர். கண்ணாடியை மாற்றச் சொன்னார் இன்னொருவர். "எந்நேரமும் வெயில்லயே நின்னுகினு கீற, வேற இன்னா வரும்?" என்றார் பெரியம்மா. அம்மாவும் அதையே நம்பினார். ஒரு கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு விசில் ஊதப் பழகிக்கொண்டார்.

நான் எட்டாம் வகுப்பு படித்த சமயம். ஒரு காலையில் அம்மா என்னிடம் பேசியபடியே, அடுப்பில் பொங்கிய பால் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

"அம்மா, துணி இல்லாம தூக்கிகினு வரியே! சுடல?"

"இன்னாது சுடல?"

கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுவதும் சிவந்து, விரல்களில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும் குரல் அவருடையது. அன்று பக்கத்து அறைக்கே எட்டவில்லை.

"இங்க வாங்களேன். எனக்குக் கையில சூடே தெரியல."

சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "சிறுமூளையோட அடிப்பாகம் மண்டைக்குள்ளதான் இருக்கணும். இவங்களுக்குக் கழுத்துப் பக்கம் எறங்கியிருக்கு. இதுக்குக் கியாரி குறைபாடுன்னு பேரு. மூளைநீர் ஓட வழியில்லாம தண்டுவடத்துக்குள்ள தேங்கியிருக்கு. அதான் சூடு தெரியல."

"எப்போலேர்ந்து சார் இப்படி?" என்றார் அப்பா.

"அமைப்பு பெரும்பாலும் பொறக்கும்போதே இருந்திருக்கும். தொந்தரவு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

இதை வைத்துக்கொண்டா இத்தனை காலம் ஓடினோம், தாண்டினோம், கீழே விழுந்து எழுந்தோம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

பின்மண்டையில் கொஞ்சம் எலும்பை எடுத்து இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. தலைவலி விட்டுப்போனது. போன உணர்ச்சி முழுதாகத் திரும்பாது, மேலும் போகாமல் காப்பதுதான் நோக்கம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அப்படியே ஆனது. அம்மா மறுபடி மைதானத்துக்குப் போனார். அவர் பழக்கிய கோ-கோ அணி பல கோப்பைகளைக் கொண்டுவந்தது. ஆயாசம் என்று ஒருநாள் படுத்ததில்லை. எங்களைப் பொறுத்தவரை அந்த வியாதி முடிந்துபோன கதை.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் நிஜமான பயம் வந்தது. கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போடும்போது அம்மா தள்ளாடினார். மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேடினார். தண்ணீர் குடித்தால் புரையேறியது. தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வந்தது. மற்ற வீடுகளில் அம்மா தடுமாறினால் வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் யாராலும் அப்படிச் சொல்ல முடியவில்லை. வயதா, அதுவா? குடும்பத்தில் மூவரும் மனதுக்குள் இதையே கேட்டுக்கொண்டோம். வாய்விட்டு ஒருவரும் கேட்கவில்லை.

செங்கல்பட்டில் உறவினர் திருமணப் பந்தியில் ரசம் சாதம் சாப்பிடும்போது அம்மாவுக்குப் புரையேறியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இருமலே வரவில்லை, மூச்சும் வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. அப்பா முன்பக்கம் சாய்த்து முதுகில் தட்டத் தட்டத்தான் மூச்சு வந்தது. "வயசானா எல்லாருக்கும் கீறதுதான், பயப்படாத" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "ஆபரேஷன் பண்ண எடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தன வருஷம் அழுத்தம் தாங்கின நரம்பு. கூடவே கழுத்தெலும்பும் தேயுது. இது வயசு, இது கியாரின்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாதும்மா." குழைவான உணவு, முகவாயைத் தாழ்த்தி விழுங்குவது, தூங்கும்போது மூச்சுக்கு ஒரு முகமூடி என்று வாழ்க்கை சுருங்கியது. நான் அவர் தொண்டையைப் பார்த்தபடியே சாப்பிடுவேன். ஒவ்வொரு கவளமும் இறங்கிய பிறகே எனக்கு மூச்சு வரும்.

அம்மாவின் பயமோ வேறு. நான் தும்மினால் போதும், எங்கிருந்தாலும் வந்து நிற்பார். "பின்னால வலிச்சுதாடி?"

"இல்லம்மா."

"மறைக்காத. எனக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது. ஒரு ஸ்கேன் எடுத்துட்டா நிம்மதியா இருப்பேன்."

நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். உண்மையில் எனக்கு இருமும்போது சில நாட்களாக லேசாக வலித்தது. கடைசியில் அம்மாவே என்னை அழைத்துப் போனார். ஸ்கேன் குழாய்க்குள் தடதடவென்ற சத்தத்தில் படுத்திருந்தபோது, என் கழுத்தில் என்ன இறங்கியிருக்கிறதோ என்று உடல் முழுவதும் வியர்த்தது.

எனக்கும் இருந்தது. ஆனால் சிறிய அளவு; தண்டுவடத்தில் நீர் தேங்கவில்லை. "இப்ப ஒண்ணும் பண்ண வேணாம். வருஷா வருஷம் பாத்துக்கலாம். நெறைய பேருக்குக் கடைசிவரைக்கும் தொந்தரவே தராது. எறங்கின பாகம் வயசாக ஆகக் கொஞ்சம் மேல ஏறிப்போறதும் உண்டு. அம்மாவுக்கு வந்த மாதிரியே மகளுக்கும் வரணும்னு இல்ல" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் பஸ் மாமல்லபுரத்தைத் தாண்டும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "எங்கிட்டேர்ந்து உனக்குக் குடுக்க இதுதான் இருந்துச்சா?"

"உயரமும் குடுத்த, ஓடுற காலும் குடுத்த. எல்லாம் சேத்துத்தாம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கும்வரை என் தோளை விடவும் இல்லை.

சென்ற ஆண்டு உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆனது. செங்கல்பட்டு மருத்துவமனையில் சில நாட்கள் போராடினார். கடைசி மாலை அப்பா அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தொண்டையில் மூச்சுக்குழாய் செருகியிருந்ததால் அம்மாவால் பேச முடியவில்லை. என்னைக் குனியச் சொல்லிச் சைகை செய்து, என் பிடரியில் கை வைத்து, கண்ணால் கேட்டார். "வலிக்கலம்மா" என்றேன். இந்த முறை அது பொய்யில்லை. மறுநாள் காலை அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த அப்பாவின் சக ஊழியர்கள், மாநில எல்லை தாண்டியும் வந்து அழுத பழைய மாணவிகள், எங்களை உட்காரவைத்துச் சோறு போட்ட புதுப்பட்டினத்து அண்டை வீட்டார் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். இரத்த உறவில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இருமினால், தும்மினால், குனிந்தால் பின்மண்டை வலிக்கிறது என்று உங்கள் பிள்ளை சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் வாரத்தில் எனக்கு அடுத்த ஸ்கேன். இந்த முறை அப்பா உடன் வருகிறார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

மகள்